கிழிக்காமல் சோதிக்க வேண்டிய தீக்குச்சி

ஒரு தீப்பெட்டியில் ஐம்பது குச்சிகள் இருக்கின்றன. அவற்றுள் எவை எரியும், எவை நமுத்துப்போனவை என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு குச்சியாகக் கிழித்துப் பார்க்கலாம். விடை ஐயமின்றித் தெரிந்துவிடும். ஆனால் அப்போது பெட்டியில் நல்ல குச்சி ஒன்றுகூட மிச்சம் இராது!

சிரிப்புக்குரிய கணக்குதான். ஆனால் மோட்டார் வண்டிப் பொறியாளர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாட்டி வரும் கணக்கும் இதுவே. காரின் ஸ்டியரிங் சக்கரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் காற்றுப்பை, பட்டறைகளில் 'ஏர்பேக்' என்று வழங்குவது, தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம். ஹாரனை அழுத்திப் பார்க்கலாம். விளக்கைப் போட்டுப் பார்க்கலாம். காற்றுப்பையை அப்படிப் பார்க்க முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் உறங்கிக் கிடந்துவிட்டு, ஏதோ ஒரு நாள், ஓர் இமைப்பொழுதுக்குள் அது விழித்தெழ வேண்டும். எழாவிட்டால் ஓர் உயிர் போகும். வேண்டாத வேளையில் எழுந்தாலும் அதே ஆபத்துதான்.

அப்படியானால், உறங்குகிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அதை எழுப்பாமலே அறிவது எப்படி? அந்த வினாவுக்கு விடை தேடிய கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

1952-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியுடனும் சிறிய மகளுடனும் காரில் சென்றுகொண்டிருந்தார். திடீரென்று பாதையில் ஒரு பாறை தென்பட்டது. அவர் சட்டென்று வண்டியைத் திருப்பிப் பிரேக்கை அழுத்தினார். கார் பள்ளத்தில் இறங்கி நின்றது. அந்தக் கணத்தில் தாயும் தந்தையும் தங்களை அறியாமலே கையை நீட்டி, நடுவில் அமர்ந்திருந்த குழந்தையை முன்பலகையில் மோதாமல் தடுத்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஹெட்ரிக்கின் மனத்தில் ஒரே கேள்வி: அந்தக் கைகளுக்குப் பதிலாக ஒரு பொருள் அங்கே வந்து நின்றால் என்ன?

அவருக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றியபோது, பழுதுபார்க்க வந்த டார்பிடோ ஒன்றில் அடைத்திருந்த அழுத்தக் காற்று தவறுதலாகத் திறந்துகொண்டது. அதை மூடியிருந்த கித்தான் துணி ஒரு நொடியில் கூரையை நோக்கிப் பறந்ததை அவர் கண்டிருக்கிறார். காற்றும் துணியும் சேர்ந்தால் வேகம் கிடைக்கும்! அதே ஆண்டு ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1953 ஆகஸ்டில் அது கிடைத்தது. முன்மூடிக்கு அடியில் ஓர் அழுத்தக் காற்றுத் தொட்டி, சுருள்வில்லில் பொருத்திய ஓர் எடை, ஒரு வால்வு, சில பைகள், அவ்வளவுதான் கருவி. கார் திடீரென்று நின்றால் எடை முன்னோக்கி நகர்ந்து வால்வைத் திறக்கும். நியூட்டனின் முதல் விதியை அப்படியே உலோகத்தில் வார்த்தது போன்ற அமைப்பு. (ஜெர்மனியில் வால்ட்டர் லிண்டரர் என்பவர் 1951-லேயே இதைப் போன்ற ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரே எண்ணம் இரண்டு நாடுகளில் ஒரே காலத்தில் முளைப்பது அறிவியலில் புதிதன்று.)

ஹெட்ரிக்கின் கருத்தை வாங்கிக்கொள்ளக் கார் நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. அக்காலத்தில் காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். காற்றுப்பை பொருத்திய கார்கள் கடைக்கு வருமுன்பே அவருடைய உரிமை முடிந்துபோயிற்று.

ஆனால் நிறுவனங்கள் தயங்கியதற்கு இயற்பியல் காரணமும் ஒன்று உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். சுவரில் மோதும் கார் முன்பகுதி நசுங்கி 60 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிற்பதாகக் கொள்வோம். நிற்க ஆகும் நேரம் ஏறத்தாழ 86 மில்லி வினாடி. (சராசரி வேகம் 7 மீட்டர் என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.) இதற்குள் மோதலை உணரவும் வேண்டும், இது வெறும் பள்ளமா, உண்மையான மோதலா என்று தீர்மானிக்கவும் வேண்டும், பை நிரம்பி, முகம் வந்து சேருமுன் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே பை நிரம்பக் கிடைப்பது 30 மில்லி வினாடி அளவுதான். தொட்டியிலிருந்து குழாய் வழியே வரும் காற்று அதற்குள் வந்து சேராது.

1960-களின் இறுதியில் இதற்கு விடை இராணுவ வெடிமருந்துத் துறையிலிருந்து கிடைத்தது. சோடியம் அசைடு என்னும் திண்மப்பொருளைச் சூடாக்கினால் அது கணத்தில் சிதைந்து நைட்ரஜனை வெளிவிடும். ஓட்டுநர் பக்கத்துப் பையின் கொள்ளளவு 60 லிட்டர் என்றால், அதை நிரப்ப ஏறத்தாழ 100 கிராம் போதும் என்று வேதியியல் மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். அந்த மருந்தைப் பற்றவைக்க ஒரு நுண்ணிய மின்கம்பி. மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சிவந்து, மேலே பூசிய மருந்து பற்றி, பெரிய மருந்தையும் பற்றவைக்கும். இதைப் பற்றவைப்பான் என்போம். இங்கேதான் காற்றுப்பை உண்மையாகவே ஒரு தீக்குச்சி ஆயிற்று. நம் முதல் வினாவும் இங்கேதான் பிறந்தது.

ஒரு விளக்கின் பிறப்பு

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973-இல் ஏறத்தாழ ஆயிரம் செவர்லே கார்களில் காற்றுப்பையைப் பொருத்திச் சோதித்தது. 1974 முதல் 1976 வரையிலான தன் பெரிய கார்களில் விரும்பியவர்களுக்கு விற்றது. விரும்பியவர்கள் குறைவு; ஏறத்தாழப் பத்தாயிரம் கார்களோடு அந்த முயற்சி நின்றது. 1981-இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் மீண்டும் தொடங்கியது. பிறகு அமெரிக்காவில் வழக்கு, நீதிமன்றம், சட்டம் என்று பெரும் போராட்டம் நடந்து, 1997 செப்டம்பருக்குப் பின் உற்பத்தியாகும் பயணிகள் கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. இந்தியாவில் ஓட்டுநருக்கு 2019 ஜூலை முதல் கட்டாயம். அரசியல் கதையை இத்துடன் விட்டுவிடுவோம்.

அமெரிக்க விதி இன்னொன்றையும் கேட்டது: கருவி தயார் நிலையில் இருக்கிறதா என்று ஓட்டுநருக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். சாவியைத் திருப்பியதும் சில வினாடி எரிந்து அணையும் அந்தச் சிறிய விளக்கின் பிறப்புக் காரணம் அதுதான். ஆனால் விளக்குக்கு எப்படித் தெரியும்?

வகுப்பில் நான் இதைக் கேட்பதுண்டு. "பற்றவைப்பானின் கம்பி அறுந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய்?" என்றால், "மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பேன் ஐயா" என்று உடனே விடை வரும். "செலுத்தினால் வெடிக்குமே?" என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். விடை அவர்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஜூல் விதியில் மின்னோட்டத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த '2' என்ற எண்தான் அது.

பற்றவைப்பானின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். அது உறுதியாகப் பற்றிக்கொள்ள 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லி வினாடி பாய வேண்டும். 0.4 ஆம்பியர் பத்து வினாடி பாய்ந்தாலும் பற்றக்கூடாது. இப்படித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி சோதனைக்காகச் செலுத்துவது சில பத்து மில்லி ஆம்பியர்தான். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 1.2 ஆம்பியர் இதைப்போல் 24 மடங்கு. ஆனால் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 24-இன் இருமடி 576! சோதனை மின்னோட்டத்தால் கம்பியில் பிறக்கும் வெப்பம், பற்றவைக்கும்போது பிறப்பதில் 576-இல் ஒரு பங்குதான். தீக்குச்சி சூடாவதுகூட இல்லை. ஆனால் கம்பியின் இரு முனைகளுக்கிடையே 0.1 வோல்ட் மின்னழுத்தம் தோன்றுகிறது. அதை அளந்தால் போதும். 0.1 வோல்ட் என்றால் கம்பி நலம். மிக அதிகம் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்திருக்கிறது. சுழி என்றால் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கார் ஓடும்போதெல்லாம் இந்த நலவிசாரிப்பு ஓயாமல் நடக்கிறது. விடையில் கொஞ்சம் பிசகினாலும் விளக்கு எரியும். பழுதின் எண் நினைவகத்தில் பதியும்.

உணர்கருவியின் நலத்தை அறிவது இதைவிடக் கடினமாக இருந்தது. அமெரிக்கரான ஆலன் பிரீட் 1960-களின் இறுதியில் உருவாக்கிய உணர்கருவியில், ஒரு சிறு குழாய்க்குள் எஃகுக் குண்டு ஒன்றைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். மோதலில் குண்டு காந்தத்திடமிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி, எதிர்முனையில் உள்ள இரண்டு தகடுகளைத் தொட்டு மின்சுற்றை மூடும். மிக எளிமை, மிக நம்பகம். ஒன்று தவறினாலும் பை விரியக்கூடாது என்பதால் இரண்டு உணர்கருவிகளைத் தொடராக இணைத்தார்கள். ஆனால் குண்டு குழாய்க்குள் ஒட்டிக்கொண்டுவிட்டால்? கம்பிகளைச் சோதிக்கலாம், குண்டு உருளுமா என்று கேட்க வழியில்லை. 1990-களில் அனலாக் டிவைசஸ் நிறுவனம், சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்ணிய ஊசலாடும் பாலம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாலம் அசைந்தால் அருகிலுள்ள தகடுகளுடன் அதன் மின்தேக்குதிறன் மாறும். அதிலிருந்து முடுக்கம் தெரியும். இதன் பெரிய சிறப்பு வேறு: தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் நிலைமின் விசை பாலத்தை இழுக்கும், மோதலே இல்லாமல் மோதல் நேர்ந்ததுபோல் அது அசைந்து காட்டும். சாவியைத் திருப்பியதும் கார் தனக்குத்தானே ஒரு பொய் மோதலை நடத்திப் பார்க்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

இரண்டு ஹாரன் பொத்தான்கள்

எங்கள் கல்லூரி நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கார் வாங்கினார். எனக்குக் காட்டுவதற்காகச் சாவியைத் திருப்பியபோது டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன, காற்றுப்பை விளக்கைத் தவிர. "பார்த்தீர்களா, பழுதே இல்லை!" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. நலமாக உள்ள கருவியின் விளக்கு முதலில் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் காவற்காரனே இல்லை என்று பொருள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கில் உள்ள ஹாரனை அழுத்தினால் ஓசை இல்லை. டேஷ்போர்டின் ஓரத்தில் ஒரு தனிப் பொத்தான் வைத்திருந்தார்கள். மெக்கானிக் அதைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். ஸ்டியரிங் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனுள் இருக்கும் பைக்கு மின்சாரம் எப்படிப் போகிறது? கடிகாரச் சுருள்வில் போலச் சுற்றி வைத்த ஒரு தட்டை நாடாக் கம்பியின் வழியே. பட்டறையில் இதைக் 'கிளாக் ஸ்பிரிங்' என்பார்கள். ஹாரனுக்கான கம்பியும் அதே நாடாவில்தான் போகிறது. நாடா அறுந்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். முந்தைய உரிமையாளர் ஹாரனுக்கு ஒரு பொத்தானும், விளக்குக்குப் பதிலாக இருட்டும் வாங்கிக்கொண்டார்! கழற்றியிருந்த பல்பை மாட்டியதும் விளக்கு எரிந்தது, அணையவில்லை. ஸ்கேனரை மாட்டியபோது, ஓட்டுநர் பக்கப் பற்றவைப்பானில் மின்தடை மிகுதி என்று பழுது எண் வந்தது.

அந்த மெக்கானிக் வேலை செய்த விதம் எனக்கு ஒரு செய்முறை வகுப்பாகவே இருந்தது. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார். சோம்பலால் அன்று. மோதலின்போது பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டுமல்லவா? அதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு மின்தேக்கி இருக்கிறது. 4700 மைக்ரோ ஃபாரட் தேக்கியை 25 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் தங்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை ஜூல். பற்றவைப்பானுக்கு வேண்டியதோ சற்றேறக்குறைய 6 மில்லி ஜூல். ஆகவே அது வடியும்வரை, கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். திரும்பி வந்ததும் மஞ்சள் நிறக் கனெக்டரைக் கழற்றினார். கழற்றியவுடன் அதனுள் உள்ள சிறு தகடு பற்றவைப்பானின் இரு முனைகளையும் தானாகவே இணைத்துவிடும். கையிலுள்ள நிலைமின்சாரம்கூட அதைத் தீண்டாது. பை இருந்த இடத்தில் 2 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்தினார். பழுது எண் மாறவில்லை. அப்படியானால் குற்றம் பையில் இல்லை, வழியில் இருக்கிறது. சாதாரண மல்ட்டிமீட்டரைக் கொண்டு பையின் மின்தடையை அளக்க அவர் முயலவே இல்லை. அளக்கக்கூடாது, அந்த மீட்டர் தன் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டத்தைச் செலுத்தும் என்று யார் உறுதி சொல்வது?

புதிய நாடாவை நட்ட நடுவில் வைத்துப் பொருத்தினார். ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால், முதல் முழுத் திருப்பத்திலேயே அது அறுந்துவிடும். பிறகு சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது, சில வினாடியில் அணைந்தது. அந்த மெக்கானிக்கின் கையில் இருந்த 2 ஓம் மின்தடையைக் கொண்டே, பை இல்லாத சக்கரத்தில் பை இருப்பதாக விளக்கை ஏமாற்றவும் முடியும் என்பதை அவரே சொன்னார். அப்படிச் செய்பவர்களும் உண்டாம்.

விளக்குக்குத் தெரியாதவை

விளக்கு கேட்பது ஒரே கேள்வி: மின்தடை என்ன? அந்தக் கேள்விக்குள் அடங்காத நோயை அது அறியாது.

சோடியம் அசைடு நச்சுப்பொருள் என்பதால் 1990-களில் வேறு மருந்துகளைத் தேடினார்கள். ஜப்பானின் தகாதா நிறுவனம் தேர்ந்தெடுத்தது அம்மோனியம் நைட்ரேட். விலை குறைவு. ஆனால் அதன் படிக அமைப்பு 32 பாகை செல்சியஸ் அருகில் மாறும். மாறும்போது பருமனும் மாறும். அதை நிலைப்படுத்தச் சில பொருள்களைச் சேர்த்தார்கள். ஆனாலும் வெயிலில் நிற்கும் காரில் நாள்தோறும் வெப்பம் ஏறி இறங்க, ஈரமும் கசிந்து உள்ளே புக, ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்து வில்லைகள் நுண்துளைகள் நிறைந்தவையாயின. துளை மிகுந்தால் எரியும் பரப்பு மிகும். பரப்பு மிகுந்தால் எரியும் வேகம் மிகும். பையை நிரப்ப வேண்டிய உலோகக் குப்பியே வெடித்து, அதன் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்தில் பாய்ந்தன. தாங்கக்கூடிய விபத்துகளில் மக்கள் இறந்தார்கள். இத்தனைக்கும் பற்றவைப்பானின் மின்தடை கடைசி நாள்வரை ஒழுங்காக 2 ஓம்! விளக்கு அணைந்தே இருந்தது.

2008-இல் ஹோண்டா நிறுவனம் ஏறத்தாழ 4,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அது வளர்ந்து அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் குப்பிகளை மாற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவில் விற்ற கார்களும் தப்பவில்லை. காரணத்தை உறுதி செய்ய, வல்லுநர்கள் பழைய குப்பிகளைச் சேகரித்து ஆராய வேண்டியிருந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் கார்களை முதலில் கவனித்தார்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத வில்லை, நீண்ட கால வெப்ப ஏற்ற இறக்கம், ஈரத்தைத் தடுக்காத குப்பி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கேடு என்று 2016-இல் அறிவித்தார்கள். தகாதா 2017-இல் திவாலானது. உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் அதன் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்; விளக்கைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

இதைவிட விசித்திரமான பழுது ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் கோபால்ட் முதலிய சிறிய கார்கள் 2000-களில் விபத்துக்குள்ளானபோது சிலவற்றில் பை விரியவில்லை. பையைப் பார்த்தார்கள், நலம். உணர்கருவி நலம். கம்பிகள் நலம். பழுது எண் எதுவுமில்லை. குற்றம் வேறோர் இடத்தில் இருந்தது: சாவித் துளையின் பின்னால் உள்ள சுவிட்சில், ஒரு சிறிய சுருள்வில்லும் முளையும். சாவியை 'ஓடும்' நிலையில் பிடித்து வைக்கும் வலு அவற்றுக்குப் போதவில்லை. சாவிக்கொத்தின் கனமோ, முழங்கால் இடித்ததோ, கரடுமுரடான பாதையோ, சாவி ஒரு நிலை பின்னால் சரிந்துவிடும். எஞ்சின் நிற்கும். அத்துடன் காற்றுப்பைக் கணினியும் உறங்கிவிடும். சாவியை அணைப்பது பழுதன்று. ஆகவே பழுது எண்ணும் பதியவில்லை. சுவிட்சைக் கவனித்த பொறியாளர்கள் இதை வண்டி நின்றுபோகும் ஒரு தொல்லை என்றே எண்ணினார்கள். அந்த நிலையில் காற்றுப்பை வேலை செய்யாது என்பது அவர்களில் பலருக்குத் தோன்றவில்லை. நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் ஆன்ட்டன் வலுக்காஸ் என்ற வழக்கறிஞர் 2014-இல் அளித்த அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது.

குழப்பத்தை மிகுத்தது இன்னொன்று. 2006-இல் சுவிட்சின் முளையையும் வில்லையும் நீளமாக்கித் திருத்திவிட்டார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பிறகு வந்த கார்களில் பழுது குறைந்தது; ஏன் குறைந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. எண் ஒன்றே என்றால் பொருளும் ஒன்றே என்றுதானே எவரும் நினைப்பார்கள்? பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றின் வழக்கறிஞருக்காக ஆய்ந்த ஒரு பொறியாளர், விபத்துக்குள்ளான காரின் சுவிட்சையும், கடையில் புதிதாக வாங்கிய அதே எண்ணுள்ள சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முளைகளும் ஒரே நீளமில்லை என்பது வெளிப்பட்டது.

2014-இல் உலகெங்கும் ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அந்த 2014-க்கு ஏழு ஆண்டுகள் முன்பே, விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒரு விபத்தை விசாரித்த காவல்துறை அலுவலர் ஒருவர், காரின் பதிவுக் கருவி காட்டிய சாவி நிலையைக் கவனித்தார். சாவி பின்னால் சரிந்ததால்தான் பைகள் விரியவில்லை என்று 2007-இல் எழுதினார். அவருடைய அறிக்கையின் படி ஒன்று நிறுவனத்தின் கோப்புகளில் அப்போதே சேர்ந்திருந்தது.